நெடுந்தூரப் பயணமா? பைக்குக்கு எஞ்சின் ஆயில் பார்த்து ஊற்றுங்கள்: பயனுள்ள 20 குறிப்புகள்

விடுமுறை வந்தால் போதும், வீட்டில் நிற்கும் பைக்குக்கு ஊர் சுற்றும் ஆசை வந்துவிடும். எந்த ஊரில் தங்குவது, பெட்டியை எப்படிக் கட்டுவது என்று ஒரு வாரம் உட்கார்ந்து திட்டம் போடுபவர்கள்கூட எஞ்சின் ஆயிலைக் கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலைதான் நினைப்பார்கள். "இத ஊத்துங்க சார், சூப்பரா இருக்கும்" என்று மெக்கானிக் சொல்வதோடு விஷயம் முடிந்துவிடும். கடையில் அடுக்கியிருக்கும் டப்பாக்களில் நம் வண்டிக்கு உரியது எது என்று கண்டுபிடிக்க மெக்கானிக் படிப்பு தேவையில்லை. டப்பாவில் மூன்று விவரங்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். அந்த மூன்றும், ஆயில் ஊற்றிய பிறகு கவனிக்க வேண்டியவையும் இதோ.

1. மேனுவலைத் தேடி எடுங்கள்
வண்டி வாங்கும்போது கொடுத்த கையேடு ஆர்.சி., இன்சூரன்ஸ் தாள்களோடு பீரோவில்தான் இருக்கும். தொலைந்திருந்தால் நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள். ஆயில் பற்றிய பக்கத்தில் மூன்று விவரங்கள் இருக்கும்: கிரேடு, ஏ.பி.ஐ. தரம், ஜாசோ தரம். அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நின்று நண்பனுக்கு போன் போடும் வேலை மிச்சம்.

2. நண்பன் வண்டிக்கு ஊற்றியது உங்கள் வண்டிக்கு ஆகாது
நம் சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 350 சிசி வண்டிகளுக்கு 15டபிள்யூ-50 சொல்கிறார்கள். அதே நிறுவனத்தின் இரட்டை சிலிண்டர் 650 வண்டிகளுக்கு 10டபிள்யூ-50. ஒரே கம்பெனிக்குள்ளேயே இந்த வித்தியாசம் என்றால், வேறு கம்பெனி வண்டிக்காரர் சொல்லும் யோசனை நமக்கு எப்படிப் பொருந்தும்?

3. 'டபிள்யூ' என்றால் வெயிட் இல்லை
பலரும் அதை எடை என்று நினைக்கிறார்கள். 'விண்ட்டர்', அதாவது குளிர்காலம் என்பதன் முதல் எழுத்து அது. மார்கழி மாதத்துத் தேங்காய் எண்ணெயை நினைத்துப் பாருங்கள். காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் இறங்காது, வெயிலில் வைத்தால் தண்ணீராக ஓடும். எஞ்சின் ஆயிலும் குளிரில் கெட்டிப்படும், சூட்டில் இளகும். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குறைந்தால், குளிரில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் வேகமாக ஓடி மேல்பாகங்களைத் தொடும் என்று பொருள்.

4. இரண்டாவது எண்தான் சூட்டுக்கான எண்
15டபிள்யூ-50 என்பதில் 50, நூறு டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் குறிக்கிறது. இந்த கிரேடுகளை வகுக்கும் எஸ்.ஏ.இ. அமைப்பின் கணக்குப்படி அந்தச் சூட்டில் 40 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கும். 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9 வரை. ஏர்-கூல்டு எஞ்சினுக்குக் காற்றுதான் விசிறி. சித்திரை வெயிலில் டோல்கேட் வரிசையில் நிற்கும்போது அந்த விசிறியும் நின்றுவிடும். அப்போது உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே படலமாக நின்று காப்பது இந்த இரண்டாவது எண் சொல்லும் கெட்டித்தன்மைதான்.

5. "வெயில் ஜாஸ்தி, கெட்டி ஆயிலா ஊத்துங்க" என்றால் தலையாட்டாதீர்கள்
எஞ்சினுக்குள் ஆயில் போகும் துளைகள், பம்ப், பேரிங் இடைவெளி எல்லாம் ஒரு கிரேடைக் கணக்கிட்டே வடிவமைக்கப்பட்டவை. தேவைக்கு மேல் கெட்டியானால் காலையில் மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். தேவைக்குக் கீழே இளகலானால் சூட்டில் படலம் அறுந்துபோகும். வெயில் காலத்துக்கு வேறு கிரேடு உண்டு என்று மேனுவலே அட்டவணை போட்டிருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

6. லடாக் போகிறவர்களுக்கும் தனி ஆயில் வேண்டாம்
சென்னையிலிருந்து லே போகிறவர்கள் அதிகம் கேட்பது இந்தக் கேள்விதான். 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியில் எஞ்சினைச் சுழற்றும் அளவுக்கு இளக்கமாக இருக்கிறதா என்றும், மைனஸ் 25 டிகிரியில் பம்பால் இழுக்க முடிகிறதா என்றும் சோதித்துத்தான் அந்த முத்திரையைக் கொடுக்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சுற்றுலாக் காலத்தில் லேயின் இரவுகள் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. விழுப்புரம் வெயிலுக்கும் கர்துங் லா குளிருக்கும் ஒரே ஆயில் போதும். ஊட்டிக்குப் போகிறவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

7. ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 இருக்கிறதா என்று பாருங்கள்
மூன்று விவரங்களில் தவறவே விடக்கூடாதது இது. காரில் எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். நம் ஊர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. எஞ்சினுக்கு வழுக்க வேண்டும், கிளட்ச் தட்டுகள் வழுக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே ஆயில் செய்கிறதா என்று சோதிக்க ஜப்பானியர் 1990-களின் இறுதியில் ஏற்படுத்திய தரம்தான் ஜாசோ. எம்.ஏ.2 என்பது கிளட்ச் தட்டுகளுக்கு நல்ல பிடிமானம் தரும் வகை. மேனுவல் எம்.ஏ.2 கேட்டால் அதையே வாங்குங்கள்.

8. கார் ஆயில் எவ்வளவு உசத்தியானாலும் வேண்டாம்
இதில் நானே பட்டிருக்கிறேன். கொல்லிமலைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு கடையில், "ஃபுல் சிந்தெடிக் சார், கார்ல ஊத்துறது, இதுக்கு மேல கிடையாது" என்று சொன்னதை நம்பி ஊற்றிவிட்டேன். ஊருக்குள் ஓட்டியவரை ஒன்றும் தெரியவில்லை. மலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பத்துப் பன்னிரண்டு திரும்பியதுமே ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சத்தம் மட்டும் ஏறியது, வண்டி ஏறவில்லை. "ஏதோ தீஞ்ச வாடை வருதே" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி. தீய்ந்தது கிளட்ச் தட்டு. எரிபொருளை மிச்சப்படுத்தக் கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். டப்பாவின் பின்புறம் உள்ள வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று இருந்தால் அது அந்த ரகம். லிட்டருக்கு நானூறு ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கிய ஆயிலை வடித்துக் கொட்டிவிட்டு, கிளட்ச் தட்டும் மாற்றினேன்.

9. ஸ்கூட்டர் ஆயிலையும் பைக் ஆயிலையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்
கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை. அதனால் அவற்றுக்கு ஜாசோ எம்.பி. என்ற வழுக்கும் வகை. வீட்டில் ஒரு ஸ்கூட்டரும் ஒரு பைக்கும் இருந்தால், மிச்சமான ஆயில் டப்பாக்களில் 'அம்மா வண்டி', 'அப்பா வண்டி' என்று மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள். அவசரத்தில் டாப்-அப் செய்பவர் யாராக இருந்தாலும் தவறு நடக்காது.

10. ஏ.பி.ஐ. எழுத்துகளில் பின்னால் வருவது புதியது
பெட்ரோல் எஞ்சின் ஆயில்களுக்கு 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கும் தரம். எஸ்.எல். 2001-இல் வந்தது, எஸ்.எம். 2004-இல், எஸ்.என். 2010-இல், எஸ்.பி. 2020-இல். மேனுவல் எஸ்.எல். கேட்டால் எஸ்.எம்., எஸ்.என். ஊற்றலாம், கூடவே ஜாசோ எம்.ஏ. இருக்க வேண்டும். ஆனால் எஸ்.எல். கேட்கும் வண்டிக்கு விலை மலிவு என்று எஸ்.ஜி., எஸ்.ஜே. போன்ற பழைய தரத்துக்கு இறங்கக் கூடாது.

11. மினரலா, செமி சிந்தெடிக்கா, ஃபுல் சிந்தெடிக்கா?
கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது மினரல். மூலக்கூறுகளைச் சீராக்கித் தயாரிப்பது சிந்தெடிக். இரண்டும் கலந்தது செமி. சிந்தெடிக்கின் உண்மையான லாபம், தொடர்ந்து சூடான பிறகும் சீக்கிரம் சிதையாமல் நிற்பது. தினமும் பத்து கிலோமீட்டர் ஆபீஸ் போய்வருபவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பெட்டியும் ஆளுமாக நாள் முழுக்க நான்கு வழிச்சாலையில் ஓட்டுபவருக்கு அது பயன்படும். மேனுவல் செமி சொன்னால் செமி போதும். அதே கிரேடில், அதே ஜாசோ தரத்தில் ஃபுல் சிந்தெடிக் ஊற்றினாலும் தவறில்லை. ஆனால் "விலை கொடுத்து வாங்கினோமே" என்று மாற்றும் கெடுவை இரண்டு மடங்காக இழுக்காதீர்கள்.

12. பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு
காஸ்ட் அயர்ன் எஞ்சின் கொண்ட பழைய புல்லட்டில் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் இருக்கும் பிரைமரி மூன்றும் தனித்தனி. மூன்றுக்கும் தனித்தனியாக ஆயில் பார்க்க வேண்டும். ஹார்லியின் பெரிய வி-ட்வின் வண்டிகள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். தாத்தா காலத்து வண்டியைத் தூசி தட்டி நெடும்பயணம் கிளம்பும் பேரன்கள், எஞ்சினில் மட்டும் ஆயில் மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுவது வழக்கம்.

13. டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்
போலி ஆயில் புழங்கும் சந்தை இது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர், பெட்ரோல் பங்க் ஆகிய இடங்களில் வாங்குவது நல்லது. டப்பாவைக் கையில் வாங்கியதும் மூடியின் அடி வளையம் அறுபடாமல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். மூடியைத் திருகினால் அந்த வளையம் 'டக்'கென்று பிரிய வேண்டும். உள்ளே அலுமினிய சீல் இருந்தால் சுருக்கமின்றி ஒட்டியிருக்க வேண்டும். பேட்ச் எண், தயாரிப்பு மாதம், எம்.ஆர்.பி. மூன்றும் அழியாமல் தெளிவாக இருக்க வேண்டும். எம்.ஆர்.பி.யில் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் சந்தேகப்படுங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

14. தூரத்தைக் கூட்டிப் பாருங்கள்
பல புதிய வண்டிகளுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். பழைய மாடல்களுக்குக் கெடு இதைவிடக் குறைவு. சென்னையிலிருந்து டெல்லி வழியாக லே போய்த் திரும்ப 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். கடைசியாக மாற்றி 5,000 ஓடியிருந்தால் கெடு நடுவழியில் முடிந்துவிடும். "இன்னும் பாதி இருக்கே" என்று விடாமல் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

15. கிளம்பும் நாளில் மாற்றாதீர்கள்
ஆயில் மாற்றிய பிறகு உள்ளூரில் 200, 300 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டுக் கிளம்புங்கள். ட்ரெயின் போல்ட் சரியாக இறுகவில்லை, வாஷர் தேய்ந்துவிட்டது, ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையம் ஒழுங்காக உட்காரவில்லை என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் ஒரு சொட்டுக் கறை இருந்தாலும் மெக்கானிக்கிடம் போங்கள். அந்தச் சொட்டை ஜான்சி நெடுஞ்சாலையில் பார்ப்பதைவிட வீட்டு வாசலில் பார்ப்பது நல்லது.

16. மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள்
எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போதுதான் பழைய ஆயில் அழுக்கோடு முழுதாக இறங்கும். ஃபில்டரும் ட்ரெயின் போல்ட் வாஷரும் புதிதா என்று பாருங்கள். அளவு மேனுவலில் இருக்கும், அதைச் சொல்லி ஊற்றச் சொல்லுங்கள். டப்பாவில் மிச்சம் இருக்கிறதே என்று முழுவதையும் கவிழ்த்துவிடுவது சிலர் வழக்கம். அளவுக்கு மேல் ஊற்றிய ஆயில் கிராங்கில் அடிபட்டு நுரைக்கும், ஏர் ஃபில்டர் பக்கம் ஏறி வழியும். மிச்சத்தை மூடி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், பயணத்தில் டாப்-அப் செய்ய அதுவே உதவும்.

17. சைடு ஸ்டாண்டில் நிறுத்தி அளவு பார்க்காதீர்கள்
நெடும்பயணத்தில் அதிக வேகத்தில் ஓடும் எஞ்சின் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். தங்குமிடத்தில் இறங்கியதும் சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கட்டும். ஆயில் கீழே இறங்க ஐந்து நிமிடம் விடுங்கள். எஞ்சினின் பக்கவாட்டில் சட்டைப் பொத்தான் போல ஒரு சிறு கண்ணாடி வில்லை இருக்கும். சேற்றைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே ஆயில் நின்றால் சரி. சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டியில் வில்லை காலியாகத் தெரியும். அதை நம்பி அரை லிட்டர் ஊற்றியவர்கள் பலர். குச்சி வைத்துப் பார்க்கும் வண்டியென்றால், குச்சியைத் திருகி இறுக்கிப் பார்ப்பதா, சும்மா செருகிப் பார்ப்பதா என்று மேனுவலில் பாருங்கள்.

18. அரை லிட்டர் கையில் இருக்கட்டும்
ஊற்றிய அதே ஆயிலில் அரை லிட்டரை இரண்டு பாலிதீன் பையில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள், ஒரு சிறு புனலும் கூட. வழியில் தீர்ந்து அதே பிராண்ட் கிடைக்காவிட்டால் பதற வேண்டாம். ஜாசோ எம்.ஏ. உள்ள, கிரேடு நெருங்கிய வேறு பைக் ஆயிலைச் சேர்த்து ஊர் போய்ச் சேரலாம். மினரலும் சிந்தெடிக்கும் கலந்தால் எஞ்சின் வெடித்துவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. கலந்து ஓட்டியதைத் திரும்பி வந்ததும் முழுதாக மாற்றிவிடுங்கள். ஆயில் குறைவாக ஓட்டுவதுதான் எஞ்சினைக் கொல்லும். பயணத்தில் ஆயில் விளக்கு எரிந்தால் "அடுத்த ஊர் வரைக்கும்" என்று ஓட்டாமல் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள்.

19. கறுத்தால் பயம் வேண்டாம், வெளுத்தால் பயப்படுங்கள்
புது ஆயில் ஆயிரம் கிலோமீட்டரில் கறுப்பது சகஜம். உள்ளே இருக்கும் கரியையும் அழுக்கையும் அது தன்னோடு சேர்த்துக்கொள்கிறது என்று அர்த்தம். ஆனால் வில்லையில் பால் விட்ட டீ போலத் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெள்ளத்தில் இறக்கிய வண்டிகளில் இதைப் பார்க்கலாம். அப்படியிருந்தால் ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். வடித்த ஆயிலில் விரலால் தொட்டால் மினுக்கும் உலோகத் துகள்கள் நிறைய இருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எஞ்சினை இளமையாக்கும் என்று விற்கும் தனி மருந்துகளை இதற்குத் தீர்வாக நினைத்து ஊற்றாதீர்கள். கிளட்ச்சுக்கு ஒத்துக்கொள்ளாத சரக்கு அதில் இருக்கலாம்.

20. பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாதீர்கள்
வீட்டிலேயே மாற்றுபவர்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வடித்த ஆயிலை மரத்தடியிலோ சாக்கடையிலோ கொட்டினால் அது மண்ணில் இறங்கி யார் வீட்டுக் கிணற்றுக்காவது போய்ச் சேரும். மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகளில் பழைய ஆயில் அபாயகரமான கழிவுப் பட்டியலில் இருக்கிறது. காலி டப்பாவிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயிலைச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். மெக்கானிக் கடையில் மாற்றினால் காலி டப்பாவைக் கத்தியால் ஒரு கீறு கீறிவிட்டு வாருங்கள். அதில் போலி ஆயில் நிரம்பித் திரும்பவும் கடைக்கு வராது.

இருபதையும் நினைவில் வைக்க முடியாது என்பவர்கள் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: மேனுவல் சொன்ன கிரேடு, டப்பாவில் எம்.ஏ. முத்திரை, சீட்டுக்கு அடியில் ஒட்டிய துண்டுச் சீட்டில் ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும். இன்றைக்கே சீட்டைக் கழற்றிப் பாருங்கள். அங்கே துண்டுச் சீட்டு எதுவும் இல்லையென்றால், முதல் வேலையாக ஆயிலை மாற்றி அந்தத் தேதியை எழுதி ஒட்டுங்கள்.